33 அங்குலப் பெருமையும் பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஜீப் வைத்திருக்கும் தம்பிமாரும், அந்த ஜீப்புக்குக் காசு கொடுக்கும் வாப்பாமாரும் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். வாசித்து முடித்த பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள், பரவாயில்லை.

நம்ம பக்கத்தில் இப்ப ஒரு போட்டி நடக்குது. யாருடைய ஜீப் உயரம், யாருடைய டயர் பெரிசு என்று. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருஷத்தில் பழைய ஜீப்புக்கெல்லாம் தங்க விலை வந்தது. கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்ததைக்கூட இழுத்துவந்து டிங்கர் வேலை செய்து, பெயின்ட் அடித்து ரோட்டில் விட்டார்கள். அது நல்ல காரியம். பழைய இயந்திரத்தைக் காப்பாற்றி ஓட்டுகிறவனை நான் மதிக்கிறேன். என் சண்டை அதற்குப் பிறகு நடக்கும் வேலையோடுதான். பெயின்ட் காய முதல் ஜீப் டயர் கடைக்குப் போகுது. 29 அங்குலம் இருந்த இடத்தில் 33 அங்குல மட் டயர் ஏறுது. கழட்டிய பழைய டயரோடு கம்பனி பொறியியலாளர் போட்ட கணக்கும் கடை மூலையில் கிடக்குது.

அந்த ஜீப் பிறகு எங்கே ஓடுது? ஏ4 வீதியில். பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையில். காலையில் பள்ளிக்கூடத்துக்கு, மத்தியானம் கடைக்கு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு. மாதத்தில் ஒரு தடவை மாணிக்கக் குழிப் பக்கமோ தோட்டத்துப் பக்கமோ போனால் பெரிய விஷயம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். டயரும் கியரும் பிரேக்கும் மூன்று தனித்தனிச் சாமான் இல்லை, ஒரே கணக்கின் மூன்று எண்கள். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் டயரை மட்டும் பெரிசாக்கித் தார் ரோட்டில் ஓட்டுவது ஸ்டைல் இல்லை. அடுத்தவன் உயிரில் விளையாடும் வேலை.

கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். தரம் 9 பிள்ளைகள் போடக்கூடிய கணக்குத்தான்.

டயரின் பக்கத்தில் 235/75 ஆர் 15 என்று இருக்கும். 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் 75 வீதம் டயர் சுவரின் உயரம் என்று அர்த்தம். அது 176 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அது 381 மி.மீ. ரிம்மோடு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் கூட்டுங்கள். ஏறத்தாழ 733 மி.மீ. வரும். அதாவது 29 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாதாரண ஜீப் நிறையப் பேருக்கு இந்த அளவோ இதற்குக் கிட்டவோதான் வருது.

இப்ப 33க்கு 12.5 போடுகிறீர்கள். விட்டம் 838 மி.மீ. 838ஐ 733ஆல் வகுத்தால் 1.143. அதாவது டயர் 14 வீதம் பெரிசாகிவிட்டது. இந்த 1.143 என்ற எண்ணை மனதில் வையுங்கள். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருது.

முதலாவது, கியர். பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷலுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம், ஒரு பெரிய பல்சக்கரம். பாஸ்மார் பினியன், கிரவுன் என்று சொல்வது இவற்றைத்தான். பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 4.1. எஞ்சினிலிருந்து வரும் தண்டு 4.1 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். மலையில் இழுவை கொடுப்பது இந்த விகிதம். சக்கரம் 14 வீதம் பெரிசானால் அதே 4.1, தரையைப் பொறுத்தவரை 3.59 மாதிரித்தான் வேலை செய்யும். நீங்கள் டிஃபரன்ஷலைத் தொடவே இல்லை, ஆனால் அது மாறிவிட்டது. முன்பிருந்த இழுவை திரும்ப வேண்டுமென்றால் விகிதம் 4.69 ஆக வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு சோடி கிரவுன் பினியன் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஃபோர் வீல் போட்ட அந்த நிமிஷமே முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று சண்டை பிடித்து எதையாவது உடைக்கும்.

எத்தனை பேர் அந்த வேலையைச் செய்திருக்கிறீர்கள்? ஒரு கடையில் நானே கேட்டுப் பார்த்தேன்: "தம்பி, இந்த வண்டியின் டிஃப் விகிதம் என்ன?" அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "சேர், டயர் பொடியில் உரசாமல் இருந்தால் சரிதானே" என்றார். நம்ம ஊரில் டயர் அளவு தீர்மானிக்கப்படும் அளவுகோல் இதுதான். உரசினால் கூடாது, உரசாவிட்டால் சரி. உரசினாலும் பரவாயில்லை, பொடியை வெட்டினால் போதும்.

விளைவு என்ன? ஏற்றத்தில் நாலாம் கியரில் போன வண்டி மூன்றுக்கு வருது. மூன்றில் போனது இரண்டுக்கு. சரிவில் நிறுத்தி எடுக்கும்போது கிளச்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டு இழுக்க வேண்டியிருக்கு, ஆறு மாதத்தில் கிளச் பிளேட் கருகுது. பிறகு "எஞ்சின் பலமில்லை, பம்ப் அடிக்க வேணும்" என்று எஞ்சினைத் திறக்கிறார்கள். எஞ்சினில் ஒரு பிழையும் இருந்திருக்காது.

இரண்டாவது, ஸ்பீடோமீட்டர். அதற்கு டயர் மாறிய சங்கதி தெரியாது. சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்று மட்டும்தான் தெரியும். முள் 50 காட்டும்போது நீங்கள் உண்மையில் 57இல் போகிறீர்கள். முள் 70 காட்டும்போது 80இல். ஊருக்குள் சட்ட எல்லை 50, வெளியில் 70. நீங்கள் சட்டத்துக்குள் போவதாக நினைத்துக்கொண்டே இரண்டையும் மீறுகிறீர்கள். "கம்பனி மீட்டர் எப்படியும் கொஞ்சம் கூடத்தானே காட்டும்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஐக்கிய நாடுகள் சபையின் 39ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதியின்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. அந்தச் சின்ன இடைவெளியை வைத்தது உங்கள் பாதுகாப்புக்கு. பெரிய டயர் அதை விழுங்கிவிட்டு, பல வண்டிகளில் அடுத்த பக்கத்துக்கே போய்விடும்.

மூன்றாவது, பிரேக். இதைத்தான் எல்லோரும் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

பிரேக் ட்ரம்மோ டிஸ்க்கோ சக்கரத்தின் நடுவில் இருக்கு. தரையில் வண்டியை நிறுத்தும் விசை டயரின் ஓரத்தில் பிறக்குது. ஆரை கூடினால் அதே மிதிக்கு விசை குறையும். இது நேர்மாறு விகிதசமன். 1.143 மடங்கு பெரிய டயர் என்றால், நீங்கள் அதே அளவு மிதிக்கும்போது தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 12.5 வீதம் குறைவு. இதோடு முன்பு சொன்ன வேகக் கணக்கையும் சேருங்கள். நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வேகத்துக்கு 1.143, இன்னொரு தடவை 1.143, பிரேக்குக்கு இன்னுமொரு 1.143. மூன்றையும் பெருக்குங்கள். 1.49.

அதாவது, முள் அதே 50ஐக் காட்ட, உங்கள் கால் அதே அளவு மிதிக்க, முன்பு 20 மீட்டரில் நின்ற வண்டி இப்ப 30 மீட்டரில்தான் நிற்கும். டயரின் கூடுதல் பாரத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. "எட்டி மிதிச்சால் நிற்கும்தானே" என்பீர்கள். நிற்கலாம். ஆனால் ஒரு பிள்ளை திடீரென்று ரோட்டில் இறங்கும் அந்தக் கணத்தில் உங்கள் கால், பல வருஷமாகப் பழகிய அளவுக்குத்தான் முதலில் மிதிக்கும். அந்த 10 மீட்டருக்குள் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நம்ம ஏ4 ஓரத்தில் எத்தனை இடத்தில் நடைபாதை இருக்கு? காலை 7 மணிக்கு வெள்ளைச் சீருடையோடு வரிசையாக நடந்து வரும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள்? தோட்டத்துப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, நம்ம பிள்ளை, எல்லாம்தான்.

நாலாவது, இறக்கம். நம்ம மாவட்டத்தில் ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆளைக் கொல்வது இறக்கம். ஆட்களோடு 2,000 கிலோ வரும் ஒரு ஜீப் 300 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி, ஏறத்தாழ 18 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அந்தச் சூடு எங்கேயாவது போக வேண்டும். சின்னக் கியரில் இறங்கினால் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பெரிய கியரில் இறங்கினால் எல்லாம் பிரேக்கில் விழும். பிரேக் சூடாகும், லைனிங் வழுக்கும், ஃபுளூயிட் பழையதென்றால் கொதிக்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பெரிய டயர் உங்கள் எல்லாக் கியரையும் ஒரேயடியாகப் பெரிசாக்கிவிட்டது என்று மேலே பார்த்தோம். இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்த இறக்கத்தில் இப்ப எஞ்சின் முன்பு மாதிரிப் பிடிக்காது. மிச்சத்தைப் பிரேக் பார்க்க வேண்டும், அந்தப் பிரேக்கும் 12.5 வீதம் குறைந்திருக்கு. பெரகலைப் பக்கம் இறங்கிப் பழக்கமுள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு மேல் உயரம். ஆரை 52 மி.மீ. கூடினால் வண்டி முழுவதும் 52 மி.மீ. மேலே போகுது. ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை வைத்து இன்னும் இரண்டு அங்குலம் தூக்கினால் நூறு மி.மீட்டரைத் தாண்டும். ஜீப் ஏற்கனவே குறுகிய, உயரமான வண்டி. வளைவில் கவிழ்வது அதன் பழைய வியாதி. அதைத் தெரிந்துகொண்டே தூக்குகிறோம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். நான் கேட்டதெல்லாம் நாலு.

ஒன்று: "சேர், நாங்க தோட்டத்து ரோட்டுக்குப் போறோம். அங்க பெரிய டயர் இல்லாமல் ஏலாது."

தோட்டத்து ரோட்டு இந்த 33 அங்குல டயர் வந்த பிறகு போட்ட ரோட்டா? 1948இல் லேண்ட் ரோவர் வந்தது. அதன் சின்ன வகைக்குக் கம்பனி கொடுத்த டயர் 6.00–16. அகலம் ஆறு அங்குலம், ஒரு சாண் கூட இல்லை. நீள வகைக்கு 7.50–16. துரைமாரையும் தேயிலை மூட்டையையும் பிரசவத்துக்குப் போன தாய்மாரையும் இந்த மலைகளில் ஏற்றி இறக்கிய பழைய ஜீப்புகளின் டயர் அவ்வளவுதான். வில்லிஸ் ஜீப்பும் அதே 6.00–16 டயரில்தான் உலக யுத்தத்தையே ஓடி முடித்தது. அதன் டிஃப் விகிதம் 4.88. ஒல்லி டயர், இழுவைக் கியர். அதுதான் சூத்திரம்.

ஒல்லி டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு போய் அடியில் இருக்கும் கல்லைப் பிடிக்கும். அகல டயர் மணலுக்கும் பனிக்கும் நல்லது, மேலே மிதக்கும். நம்ம தோட்டத்து ரோட்டு மணலா? கல் அடுக்கி, மேலே களிமண் படிந்து, பாசி பிடித்த ரோட்டு. அங்கே மிதப்பது என்றால் வழுக்குவது என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லேண்ட் ரோவர் கம்பனி நீள வகைக்குப் பெரிய டயர் போட்டபோது பிரேக் ட்ரம்மையும் 10 அங்குலத்திலிருந்து 11 அங்குலமாக்கியது. பாரமும் கூட, டயரும் பெரிசு, ஆகவே பிரேக்கும் பெரிசு. செய்தவனுக்குத் தெரிந்த அந்தக் கணக்கு போடுகிறவனுக்குத் தெரியாமல் போனது ஏன்?

இரண்டு: "வெளிநாட்டில் இதைவிடப் பெரிசாகப் போடுறாங்களே. யூடியூபில் பாருங்க."

பார்த்தேன். ஐஸ்லாந்தில் 38 அங்குலம், 44 அங்குலம் எல்லாம் போடுகிறார்கள். எதற்கு? பனிப்பாறைக்கு மேல், காற்றைக் கிட்டத்தட்ட முழுவதும் இறக்கிவிட்டு, வண்டி புதையாமல் ஓடுவதற்கு. போடும்போது டிஃப் கியரையும் மாற்றுகிறார்கள், மீட்டரையும் திருத்துகிறார்கள். வீடியோவில் உங்களுக்குத் தெரிவது டயர் மட்டும். இங்கே நாம் டயரை மட்டும் எடுத்துக்கொண்டோம். பனியும் இல்லை, கியரும் இல்லை.

மூன்று: "பெரிய டயரில் எஞ்சின் குறைவாகச் சுற்றும், டீசல் மிச்சம்."

60 கி.மீ. வேகத்தில், 4.1 டிஃபில், நேர்க் கியரில், முன்பு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 1,780 சுற்று. இப்ப 1,560. குறைவுதான். நேரான, சமமான ரோட்டில் மெல்லிய டயரோடு இருந்தால் அது மிச்சம் தரலாம். பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையில் அப்படி எத்தனை கி.மீ. இருக்கு? பாரமான, பெரிய கட்டைகள் உள்ள மட் டயரை உருட்டவே கூடச் சக்தி வேணும். ஒவ்வொரு வளைவிலும் குறைத்து மறுபடி வேகம் எடுக்க இன்னும் வேணும். மற்றது, தூரம் காட்டும் மீட்டரும் பிழையாகிவிட்டது. உண்மையில் 100 கி.மீ. ஓடினால் அது 87.5தான் காட்டும். அதை நம்பிப் போட்ட டீசல் கணக்கு எதுவும் செல்லாது.

நாலு: "மட் டயர் நல்லாப் பிடிக்கும் சேர், ரோட்டைக் கடிச்சுக்கிட்டுப் போகும்."

சேற்றில் கடிக்கும். தாரில் இல்லை. மட் டயரில் கட்டைகளுக்கு நடுவில் பெரிய பெரிய பள்ளம். அந்தப் பள்ளம் சேற்றை வெளியே தள்ளுவதற்கு. தார் ரோட்டில் பள்ளம் எதையும் பிடிக்காது, றப்பர் மட்டும்தான் பிடிக்கும். தொடும் றப்பர் குறைவு, ஈரத்தில் பிடிக்கும் மெல்லிய கீறல்களும் குறைவு. ஆகவே நனைந்த தாரில் மட் டயர் சாதாரண ரோட் டயரைவிடத் தூரம் எடுத்துத்தான் நிற்கும். இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மி.மீட்டருக்கு மேல் மழை. நாம் வறண்ட நாட்டில் இல்லை. நனைந்த தாரில்தான் பாதி வாழ்க்கை. கொட்டும் மழையில், கொறகொற என்று சத்தம் போடும் டயரில், ரோட்டைக் கடித்துக்கொண்டு போவதாக நினைத்து ஓட்டுகிறவன் தன்னையே ஏமாற்றுகிறான்.

நம்ம ஊரின் சரித்திரத்திலேயே இந்தப் பாடம் இருக்கு. ஓப்பநாயக்கவுக்குக் கோச்சி வந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். களனிவெளிப் பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. நம்ம ஊர்தான் கடைசி நிலையம். தண்டவாள அகலம் இரண்டரை அடி மட்டும். வெள்ளைக்காரனுக்குப் பெரிய தண்டவாளம் போடத் தெரியாமலா? மலையைச் சுற்றி நெருக்கமாக வளைய வேண்டும், செலவும் குறைய வேண்டும், அதற்கு ஒல்லிப் பாதைதான் சரி என்று கணக்குப் போட்டான். பிறகு 1990களில் அவிசாவளை வரைக்கும் அகலப் பாதையாக மாற்றினார்கள். வளைவுகள் பழைய வளைவுகளாகவே இருந்தன. பாதை அகலமானது, கோச்சி வேகமாகவில்லை. ஒன்றை மட்டும் பெரிசாக்கி மற்றதை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம பாதையே சாட்சி.

சரி, என்ன செய்யலாம்? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

உங்கள் வண்டிக்குக் கம்பனி சொன்ன டயர் அளவு என்ன என்று முதலில் பாருங்கள். வாகனப் பதிவுச் சான்றிதழிலும் டயர் அளவுக்கென்று ஒரு கட்டம் இருக்கு. மேலே சொன்ன மாதிரி விட்டத்தைக் கணக்கிடுங்கள். போட நினைக்கும் டயரின் விட்டத்தைப் பழையதால் வகுங்கள். 3 வீதத்துக்குள் என்றால் பயமில்லாமல் போடலாம். 235/75 ஆர் 15 உள்ள வண்டிக்கு 30க்கு 9.5 போட்டால் 4 வீதத்துக்குக் கிட்ட வரும். தோட்டத்துக்கு உண்மையாகவே போகிறவருக்கு அது தாராளம். 31க்கு 10.5 என்றால் 7 வீதம். அங்கே இழுவையும் மீட்டரும் பிரேக்கும் மாறியிருக்கும் என்று தெரிந்து, பரிசோதித்து, மீட்டரைத் திருத்தி ஓட்ட வேண்டும். 10 வீதத்தைத் தாண்டினால் முன் பின் இரண்டு டிஃபும், பிரேக்கும், மீட்டரும் சேர்த்துச் செய்யுங்கள். அதற்குக் காசில்லை என்றால் டயருக்கும் காசில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான்.

கியரை மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 10க்கு 41 பல் இருந்த இடத்தில் 8க்கு 39 போட்டால் விகிதம் 4.875. இழுவை நன்றாக வரும். ஆனால் பினியன் சின்னதாகுது, அதே பாரத்தைக் குறைந்த பல் தாங்க வேண்டும். இலவசமாக ஒன்றும் கிடைக்காது.

டயர் வகையில், முக்கால்வாசித் தாரும் கால்வாசிக் கல் ரோட்டும் ஓடுகிறவருக்கு ஓல்-டெரெய்ன் என்று சொல்லும் நடு வகைதான் சரி. தோட்டத்து வாசலில் காற்றை 20 பவுண்ட் அளவுக்கு இறக்குங்கள், மெதுவாகப் போங்கள். அந்தப் பிடி எந்த 33 அங்குலத்துக்கும் குறையாது. தாருக்குத் திரும்பியதும் மறக்காமல் காற்றடியுங்கள். லோ கியர் என்று ஒரு கம்பு வண்டிக்குள் இருக்குதே, அதை இறக்கத்திலும் பாவியுங்கள். ஏறுவதற்கு மட்டும் செய்தது இல்லை அது. காய்ந்த தாரில் ஃபோர் வீல் போட்டு ஓட்ட வேண்டாம். முன்னுக்கு ஒரு அளவும் பின்னுக்கு ஒரு அளவும் போடவே வேண்டாம். பழைய டயர் வாங்குவதென்றால் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும் காய்ந்த றப்பர் பிடிக்காது.

வெள்ளத்துக்கு உயர வண்டி வேணும் என்பதை நான் மறுக்கவில்லை. 2003 மே மாதத்தையும் 2017 மே மாதத்தையும் இந்த மாவட்டம் மறக்காது. அப்படிப்பட்ட நாளில் மக்களைக் காப்பாற்ற ஒரு வண்டி தயார் செய்கிறோம் என்று யாராவது சொன்னால், கியரும் பிரேக்கும் சரியாகச் செய்த வண்டியாக இருந்தால், என்னால் முடிந்ததை நானும் தருகிறேன். ஆனால் வருஷத்தில் 360 நாள் ஜும்ஆ பள்ளி வாசலில் நின்று போட்டோ எடுக்கும் வண்டிக்கு வெள்ளத்தைக் காரணம் காட்ட வேண்டாம்.

கடைக்கார சகோதரர்களே, ஒரு டயரை விற்பதற்கு முன்பு இரண்டு கேள்வி கேளுங்கள்: வண்டி எங்கே ஓடுது, டிஃப் விகிதம் என்ன? 33 அங்குலம் கேட்டு வரும் பையனுக்கு 30 அங்குலம் போதும் என்று சொன்னால் உங்களுக்கு இன்றைக்குக் கொஞ்சம் லாபம் குறையும். அவன் அடுத்த தடவையும் உங்கள் கடைக்கு உயிரோடு வருவான். தெரிந்துகொண்டே பிழையான சாமானைத் தலையில் கட்டுவது வியாபாரம் இல்லை.

வாப்பாமாரே, லீஸிங் கட்டி முடிக்காத வண்டிக்கு நாலு டயர், நாலு ரிம், உயர்த்தும் கட்டை என்று கொடுக்கும் காசை எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு பங்கில் பிரேக் லைனிங், ஃபுளூயிட், ஹோஸ், பெயாரிங் எல்லாம் புதிசாகப் போட்டு, நல்ல சாதாரண டயரும் போடலாம். யாரும் நின்று பார்க்க மாட்டார்கள், லைக் போட மாட்டார்கள். ஆனால் மகன் இரவு பெரகலையிலிருந்து இறங்கி வரும்போது நீங்கள் நித்திரை கொள்ளலாம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டும் ஜீப்காரருக்குத் தனியாகச் சொல்கிறேன். உங்கள் பின் சீட்டில் இருப்பவை மற்றவர்களின் அமானத். உம்மாமார் உங்கள் டயரைப் பார்த்து ஏற்றவில்லை, உங்களை நம்பி ஏற்றினார்கள். பிள்ளைகளை ஏற்றும் எந்த வண்டியிலும் கம்பனி அளவைத் தாண்டிய டயர் இருக்கக் கூடாது என்று பெற்றோரே ஒரு முடிவுக்கு வர வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை நான் எழுந்து கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள். வண்டியை மாற்றச் சொல்லவில்லை, டயரை மாற்றச் சொல்கிறோம்.

2025 ஜனவரியில் பொலிஸ் பஸ்ஸையும் ஓட்டோவையும் நிறுத்தி மேலதிகச் சோடனைகளைக் கழற்றியபோது, நாடு முழுக்கச் சத்தம் வந்தது. ஏழையின் ஓட்டோவில் லைட்டைக் கழற்றுகிறார்கள், பணக்காரனின் ஜீப்பை விட்டுவிடுகிறார்கள் என்று சொன்னவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. ஓட்டோவில் ஒட்டிய ஸ்டிக்கர் யாருடைய பிரேக்கையும் குறைக்கவில்லை. 14 வீதம் பெரிய டயர் குறைக்குது. ஆனால் பொலிஸ் வந்து சொல்லும் வரைக்கும் காத்திருக்க வேண்டிய விஷயமா இது? கணக்குத் தெரிந்த ஊர் நம்ம ஊர். கல்லை வெளிச்சத்தில் பிடித்து, நூறில் ஒரு கரட் வித்தியாசத்துக்குப் பேரம் பேசுகிற மனிதர்கள் இருக்கும் மாவட்டம். டயரில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்?

33 அங்குலம் போட்ட தம்பிமார் யாராவது, "சேர் சொல்றது பிழை" என்று நினைத்தால், வாருங்கள். உங்கள் வண்டியின் டயர் அளவையும் டிஃப் விகிதத்தையும் கொமென்டில் போடுங்கள், கணக்கை எல்லோருக்கும் முன்னால் போடுவோம். வண்டியையும் கொண்டு வாருங்கள். ஆளில்லாத சமமான இடத்தில், மீட்டரில் 30 வைத்து, பழைய டயரில் ஒரு தடவை, புது டயரில் ஒரு தடவை, ஒரே மிதி மிதித்து அளப்போம். நாடா நான் கொண்டு வருகிறேன்.

ஜீப் வைத்திருக்கும் உங்கள் உறவுகளுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.